மார்த்தாள் குடித்த மண்

என் பெரியம்மா மார்த்தாள் கோபக்காரி என்று சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். வாதம் அடித்து விழுந்தவரையும் இடுப்பு ஒடிந்தவரையும் வீடு வீடாகப் போய்ப் புரட்டிப் போட்டுக் கழுவித் துடைத்துப் பிழைத்தவளுக்குக் கோபம் வராமல் சிரிப்பா வரும்? அவள் சார்பில் எனக்கும் கோபம் உண்டு. அவள் போய் இத்தனை வருஷம் ஆகியும் அது தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

பெரியப்பா தேவசுந்தரம் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டையோடு போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. பெரியம்மா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாகச் சேர்ந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு முதுகு புண்ணாகாமல் எப்படித் திருப்பிப் போடுவது, விழுங்க முடியாதவருக்குப் புரை ஏறாமல் எப்படி ஊட்டுவது என்பதெல்லாம் அங்கே படித்ததுதான். பிறகு எங்கள் அம்மாவோடு இருக்கலாம் என்று சங்கரன்கோவிலுக்கு வந்தாள். வந்த மாதமே ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அப்புறம் கூப்பிடாத மாதம் இல்லை. பண்டுவம் பார்க்கிற மார்த்தாள் என்றால் ஊரில் தெரியும்.

இந்த ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற அழகைச் சொல்ல வேண்டும். ஆள் விழுந்த அன்றைக்கு வாசலில் வந்து நிற்கும்போது 'நர்ஸம்மா'. ஒரு வாரம் போனால் 'மார்த்தா'. நோயாளி எழுந்து நடந்துவிட்டாலோ செத்துப் போய்விட்டாலோ 'அந்த வேதக்காரி'. அவர்கள் வீட்டுப் பெரியவரின் மலத்தை அள்ளலாம், வாய்க்குள் விரலை விட்டுச் சளி எடுக்கலாம், ஆனால் அடுப்படி வாசற்படியைத் தாண்டக் கூடாது. கஞ்சி உள்ளேயிருந்து நீளும் கையிலிருந்து வரும். நீர்த்துப் போயிருந்தால் உள்ளே போய்க் கொஞ்சம் கொதிக்க வைக்க முடியாது. வெளியே நின்று கத்த வேண்டும். கத்தினால் கோபக்காரி.

சுயம்புலிங்கம் வீட்டு விஷயம் நடந்தது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து. அவருக்குப் பனவடலிசத்திரம் பக்கம் கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. வீடு சங்கரன்கோவிலில், வடக்கு ரத வீதிக்குப் பின்னால். நல்ல மனுஷன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு வரப்பு அரை அடி தள்ளிப் போனதற்காகக் கூடப்பிறந்தவர்களோடு கோர்ட்டுக்குப் போனவர். அந்த ஆள் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கிணற்றடியில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சும் போய்விட்டது.

பேச்சு சுத்தமாகப் போயிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். ஒரே ஒரு சொல் மிஞ்சியது. 'மண்ணு.'

பசித்தால் மண்ணு. ஒன்றுக்கு வந்தால் மண்ணு. மகன் பரமசிவனைப் பார்த்தால் மண்ணு, ஈ மொய்த்தால் மண்ணு. வாதத்தில் பேச்சு விழுந்தவர்கள் சிலருக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று பெரியம்மா சொல்வாள். ஆஸ்பத்திரியில் ஒருவர் எல்லாவற்றுக்கும் 'திங்கக்கிழமை' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். மனசுக்குள் வேறு என்னவோ இருக்கும், வாயைத் திறந்தால் அதுதான் வரும். இவருக்கு மண்ணு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வீட்டில் யார் அதை நம்புவது? எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் பெரிய பிரசாதம். காய்ச்சலா, சொறியா, பாம்பு கனவில் வந்ததா, எடு புற்றுமண்ணை. அதனால் முதலில் 'அய்யா புத்துமண்ணு கேக்குதாக' என்றார்கள். ஓடிப்போய் வாங்கி வந்து நெற்றியில் பூசினார்கள். அவர் மறுபடியும் மண்ணு என்றார். நெஞ்சில் பூசினார்கள். மறுபடியும் மண்ணு. விழுந்துபோன கையிலும் காலிலும் குழைத்து அப்பினார்கள். அவருக்கு ஒன்றுக்கு வந்திருந்தது. பெரியம்மா போய் ஏனம் வைக்கிறதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அந்த மண்ணையும் ஈரத்தையும் சேர்த்துத் துடைத்தவள் அவள்தான். அதுவரைக்கும் அவளுக்குச் சிரிப்புதான் வந்ததாம்.

பழகப் பழக அவளுக்கு அந்த ஒரு சொல்லிலேயே ஆளின் பேச்சு பிடிபட்டது. வெடுக்கென்று சொன்னால் தாகம். கடைசியில் இழுத்தால் வெளியே போக வேண்டும். தூக்கிச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினால் வைகிறார் என்று அர்த்தம். வேண்டாம் என்றால் உதட்டை இறுக்கி மூடி 'ம்ம்ம்' என்று முக்கி, அப்புறம் 'ண்ணு' என்று வெட்டித் துப்புவார். எல்லாமும் அவளுக்குப் புரிந்தது என்று இல்லை. சில நாள் அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவளுக்கு மண்டையில் ஏறவில்லை என்று நல்ல கையால் கன்னத்தில் ஓர் அறை விடுவார். அவளும் சும்மா இருக்க மாட்டாள். "அடிச்சா அடுத்த வேளைக் கஞ்சி கிடையாது, பாத்துக்கிடும்" என்பாள். அவர் கோண வாயால் சிரிப்பார்.

அவர் தேறினார். அதுதான் முக்கியம். ஆடித்தபசுக்கு நாற்காலியில் தலையணை முட்டுக் கொடுத்து வாசலில் உட்கார்ந்து கூட்டத்தை வேடிக்கை பார்க்கிற அளவுக்குத் தேறினார். இடது கையால் கரண்டி பிடித்தார். தண்ணீராக எது கொடுத்தாலும் மட்டும் புரை ஏறியது. கஞ்சியைக் கூழ் மாதிரிக் கட்டியாக, தலையைக் குனிய வைத்து, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் பெரியம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "தண்ணியா ஒரு சொட்டு ஊத்தினாலும் நெஞ்சுக்குள்ள போயிரும். போச்சுன்னா ஆளு போச்சு."

தபசுக்கு என்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். இந்த ஜனங்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. நோகாமல் நோன்பு கும்பிடுகிற கூட்டம். ஒரு நாள் ஒருவரும் ஒரு துணி அலசிப் போட்டதில்லை. வந்து கட்டில் பக்கத்தில் நிற்பார்கள், வாயில் எச்சில் வடிவதைப் பார்ப்பார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள். "எப்படி இருந்த மனுசன்! இப்படியா இழுத்துக்கிட்டுக் கிடக்கணும்?" என்பார்கள். விழுந்தபோது கட்டையாகக் கிடந்தவர் இப்போது உட்காருகிறார் என்று ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. தேறி வருகிறவருக்கும் இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் முந்தின மாதமும் வந்து பார்த்திருக்க வேண்டும்.

சுயம்புலிங்கத்தின் தம்பி ஆறுமுகச்சாமி. வரப்புக்காகக் கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நின்றவர். அவர்தான் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் மத்தியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்டுபிடித்தார்.

"ஏலே பரமசிவா, புத்துமண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. அண்ணன் கேக்குதது காட்டு மண்ணுலே. மண்ணாசை. அதான் உசுரு போகாம நிக்குது. சத்திரத்துக் காட்டு மண்ணைக் கரைச்சு ஊத்துங்க, நிம்மதியாப் போயிருவாரு."

இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், பொன்னாசை என்றால் பொன்னை உரைத்து ஊற்றுவார்கள், மண்ணாசை என்றால் அவரவர் நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். சாகிறவர்களுக்குச் செய்வது. நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறவருக்கு எவனாவது செய்வானா? செய்வான். ஏனென்றால் அவர் வாயாலேயே மண்ணு என்று சொல்கிறாரே! சாட்சி வேறு வேண்டுமா? அதோடு இன்னொரு யோசனையும் இருந்தது. புரட்டாசியில் விதைப்பு. விதைப்பு நேரத்தில் இழவு விழுந்தால் எல்லோருக்கும் இடைஞ்சல். இதையும் ஆறுமுகச்சாமி வாய்விட்டே சொன்னார். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை.

மகள் கோமதித்தாய் இளையரசனேந்தலில் வாழ்க்கைப்பட்டவள். அப்பன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "எங்கய்யா ஆசைய நான் தீத்து வைக்குதேன்" என்றாள். அவளைப் பொல்லாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொல்லாதவளாக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் எனக்கு வராது.

மண் வந்து சேர்ந்த அன்று காலையில் பெரியம்மா கொல்லைக் கிணற்றில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பேச்சுச் சத்தம் ஏறுவதைக் கேட்டு ஈரக்கையோடு வந்தாள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். ஆறுமுகச்சாமி கையில் செம்பு. துண்டில் முடிந்து வந்த கரிசல் மண்ணைக் கரைத்து வைத்திருக்கிறார். கோமதித்தாய் கையில் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடை.

"என்ன அண்ணாச்சி இது?" என்று பரமசிவனைக் கேட்டாள்.

பரமசிவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சித்தப்பா சொல்லுதாக மார்த்தா" என்றார்.

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேம்லா? புரை ஏறிச் செத்துருவாரு."

"சாகத்தானட்டி ஊத்துதோம்" என்றார் ஆறுமுகச்சாமி.

நன்றாயிருக்கிறதா? அந்தச் செம்பைப் பார்த்த சுயம்புலிங்கம் உதட்டை இறுக்கினார். "ம்ம்ம்ண்ணு!" என்றார். நல்ல கையால் காற்றைத் தள்ளினார்.

"பாத்தியா, பாத்தியா! கண்ணால கண்டதும் கேக்குதாரு!"

"கேக்கல. வேண்டாங்காரு. அவரு வேண்டாம்னா அப்படித்தான் சொல்லுவாரு."

"ஏட்டி, மண்ணுன்னா மண்ணுதான். உங்க வேதப் புத்தகத்துல அதுக்கு வேற அர்த்தம் போட்டிருக்கோ?"

கூட்டம் சிரித்தது. சாகக் கொடுக்கப் போகிற கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு சிரித்தார்கள். பெரியம்மா பரமசிவனிடம் கெஞ்சினாள். இன்னும் கொஞ்ச நாளில் கம்பு ஊன்றி நிற்பார் என்றாள். கோமதித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, உங்கய்யா சாகல. நல்லாப் பாரு தாயி, சாகிற முகமா இது?" என்றாள். கோமதித்தாய் கையை உருவிக்கொண்டு, "எங்க சாமி மண்ணு பூசுறப்பவே உனக்குப் பிடிக்கல. உனக்கு இதெல்லாம் புரியாது அக்கா" என்றாள். பெரியம்மா ஒரு நாளும் புற்றுமண்ணைப் பழித்தவள் இல்லை. படுக்கையில் கொட்டாதீர்கள் என்று சொன்னவள்தான். இல்லாத பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டு ஆறுமுகச்சாமி பெரியவரின் தாடையைப் பிடித்துத் திறக்கப் போனார்.

பெரியம்மா எட்டிச் செம்பைப் பிடுங்கினாள். "மண்ணாசை தீக்கணும்னா எனக்கு ஊத்துங்க வே!" என்று கத்தினாள். "அவருக்கு ஊரைச் சுத்தி மண்ணு கிடக்கு. அவருக்கு என்னத்துக்கு இன்னும் ஆசை? ஒரு செடி நட எனக்குச் சொந்த மண்ணு கிடையாது. மண்ணாசை எனக்குத்தான்!" அண்ணாந்து அந்தக் கரிசல் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கழுத்தெல்லாம் ஒழுகியது, சேலை கறுத்தது. அடி மண்டியையும் விடாமல் வாயில் கவிழ்த்துவிட்டுச் செம்பைத் தரையில் எறிந்தாள். பல்லெல்லாம் மண்.

சுயம்புலிங்கம் மட்டும் கோண வாயால் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார் என்று பெரியம்மா சொல்வாள்.

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். சாகிறவர் பங்கைக் குடித்துவிட்டாள், அவர் உயிர் இனி எங்கே போய் அலையுமோ என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுச் செம்பில் வாய் வைத்துவிட்டாள் என்று இன்னொருத்தி. உயிரும் செம்பும் அவர்களுக்கு ஒரே எடைதான். பரமசிவன் கடைசியில் வாயைத் திறந்தார். "நீ ரெண்டு நாள் வீட்டுல இரு மார்த்தா. எல்லாரும் ஊருக்குப் போகட்டும், சொல்லி அனுப்புதேன்."

நடந்தது பகல் வேளை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பெரியம்மா நேரே கச்சேரிக்குப் போய்ப் போலீஸ்காரரிடம் சொன்னாள். அவர் இவள் வாயைச் சுற்றி இருந்த மண்ணைப் பார்த்துவிட்டு, "பெத்த அப்பனுக்குப் பிள்ளைக செய்யுத சடங்குல உனக்கு என்ன சோலி?" என்று அனுப்பிவிட்டார். பாதிரியாரிடம் போனாள். அவர் ஜெபம் பண்ணுவோம் என்றார். ஜெபம் பண்ணினார். திரும்பவும் அந்த வீட்டு வாசலுக்கு வந்தால் கதவைத் தாழ் போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து "மண்ணு, மண்ணு" என்று ஒரு கூப்பாடு கேட்டதாம். தாகமும் இல்லை, வசவும் இல்லை, அதுவரைக்கும் கேட்காத மாதிரி. அந்த ஒன்றுக்கு மட்டும் என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியவே இல்லை என்பாள்.

மறுநாள் புது மண் வந்தது. அதற்கடுத்த நாளே அவருக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சு கரகரவென்று இழுக்க ஆரம்பித்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சங்கு ஊதிவிட்டது. பெரியம்மா போனாள். தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். இத்தனை நாள் அவள் தேய்த்துக் குளிப்பாட்டின உடம்பை அன்றைக்கு யார் யாரோ குளிப்பாட்டினார்கள். "ஆசை தீந்து போனாரு, கல்யாணச் சாவு" என்று ஊர் முழுக்க ஒரே புகழ். ஆறுமுகச்சாமிக்கு மீசை முறுக்க நேரம் போதவில்லை.

பதினாறு கழித்து ஒரு மத்தியானம் கோமதித்தாய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம், நானும் வீட்டில்தான் இருந்தேன். பெரியம்மா தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோமதித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த சேலையையும் பழத்தையும் எடுத்து வைத்தாள். மெலிந்திருந்தாள். முகத்தில் மட்டும் ஒரு தெளிவு இருந்தது.

"என் மேல வருத்தம் வச்சிக்கிடாத அக்கா. அன்னைக்கு ஏதோ பேசிட்டேன். நீ பாடுபட்டுப் பாத்தேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எங்கய்யா நிம்மதியாத்தான் போனாக. நான்தான் என் கையால ஊத்தினேன். கேட்டுக் கேட்டுக் குடிச்சாக."

பெரியம்மாவின் கை அரிசியில் நின்றது. "கேட்டாரா?"

"ஆமாக்கா. ஒரு பாலாடை ஊத்தி முடிக்கங்குள்ள அடுத்ததைக் கேக்குதாக. இப்படி..." அவள் உதட்டை இறுக்கி மூடினாள். அப்பன் முகம் அப்படியே மகளுக்கு. "ம்ம்ம்ண்ணு! ம்ம்ம்ண்ணு! தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டிக் கேட்டாக. அவ்வளவு ஆசை. சிந்திரக் கூடாதேன்னு சித்தப்பாதான் தலையக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டாக."

பெரியம்மா இதைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஏன் விட வேண்டும்? அவள் விடவில்லை.

"கோமதி, அது கேட்டதில்லட்டி. வேண்டாம்னது. உங்கய்யா வேண்டாம் வேண்டாம்னு கத்தியிருக்காரு. நீ அந்த வாயிலயே ஊத்தியிருக்கே."

"இல்லக்கா. மண்ணுன்னுதான் சொன்னாக. என் காதால கேட்டேன்."

"அவருக்கு வேற சொல்லு ஏதுட்டி? வேண்டாம்னு சொல்லவும் அவருக்கு அந்த ஒண்ணுதான இருந்துச்சு?"

"இல்லக்கா, நீ பக்கத்துல இருந்து பாக்கல. நான் சொல்லுதேன் கேளு. இப்படித்தான் சொன்னாக..."

கோமதித்தாய் உதட்டை இறுக்கினாள். 'ம்ம்ம்' என்று முக்கினாள். தலை இந்தப் பக்கம் ஒரு தடவை ஆடியது, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆடியது. அப்படியே நின்றுவிட்டது. மூடின உதடு திறக்கவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

பெரியம்மா விடவில்லை.

"சொல்லுட்டி" என்றாள். "முழுசாச் சொல்லு."